சவுக்குத் தோப்பின் கூலிக்கணக்கு

கனடாவிலும் அமெரிக்காவிலும் மரத்தொழில் நிறுவனங்கள் ஒரு கேள்வியைத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கின்றன: நம் தொழிலில் பெண்கள் ஏன் குறைவு, பூர்வகுடிகள் ஏன் குறைவு, அவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது? நல்ல கேள்விதான். ஆனால் அதை அப்படியே நம் செஞ்சிப் பக்கம் கொண்டுவந்தால் ஒட்டாது. அனந்தபுரத்தைச் சுற்றி எங்காவது சவுக்குத் தோப்பு வெட்டு நடந்தால் உள்ளே போய்ப் பாருங்கள். பெண்கள் இருப்பார்கள். பெரும்பாலும் இருளர் இருப்பார்கள். எல்லோரும் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார்கள். என்ன கணக்கில் உள்ளே வந்தார்கள், வேண்டாம் என்றால் வெளியே போக முடியுமா என்பதைத்தான் இங்கே கேட்க வேண்டும்.

இருளர் தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் 6 இனங்களில் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்கச் சுமார் 1.9 லட்சம் பேர். விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், திருவள்ளூர் என வட மாவட்டங்களில் ஏரிக்கரை ஓரமாகவும் ஊருக்கு வெளியிலும் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். பாம்பும் எலியும் பிடித்து, காட்டுப் பொருள் சேகரித்துப் பிழைத்தவர்கள். காடு கைவிட்டுப் போன பிறகு செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம்வெட்டு என்று போனார்கள்.

மரம்வெட்டு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நிலத்துக்காரர் தோப்பை நின்றபடியே வியாபாரிக்கு விலை பேசி விற்றுவிடுவார். ஆட்களைக் கொண்டுவருவது வியாபாரியின் வேலை, அல்லது அவருடைய மேஸ்திரியின் வேலை. மேஸ்திரி ஆள் பிடிக்கப் போகும்போது கையில் முன்பணத்தோடுதான் போவார். ஒரு வீட்டில் கல்யாணம், இன்னொரு வீட்டில் சாவு, மூன்றாவது வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு. வங்கி கடன் தராது, அடகு வைக்க நகை இல்லை. மேஸ்திரி மட்டும்தான் கேட்ட அன்றைக்கே தருகிறார்.

பணம் வாங்கியதும் குடும்பமே கிளம்பும். தோப்போரம் தார்ப்பாய்க் கொட்டகை. ஆண் கோடாரியோ மரம் அறுக்கும் மிஷினோ எடுத்து மரத்தைச் சாய்ப்பார். பெண் கொடுவாளால் கிளை கழித்து, மிலாறைத் தனியே ஒதுக்கி, கட்டையை அளவாக அடுக்குவார். காகிதக் கூழுக்குப் போகிற கட்டையென்றால் பட்டையும் உரிக்க வேண்டும். சீமைக்கருவேலம் வெட்டும் இடத்தில் முள் குத்தாத கை இருக்காது. கூலி நாள் கணக்கில் கிடையாது, டன் கணக்கு. எடை போடுவது தோப்பிலும் இல்லை. லாரி எங்கேயோ ஓர் எடைமேடையில் ஏறி இறங்கும். சீட்டு வியாபாரியின் சட்டைப்பையில் போய்விடும். வெட்டியவருக்குச் சொல்லப்படும் டன்தான் டன்.

புரிவதற்காக ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம், எண்கள் நான் வைத்துக்கொண்டவை. முன்பணம் 20,000 ரூபாய். டன்னுக்கு 500 ரூபாய் கூலி, கணவனும் மனைவியும் வாரத்துக்கு 6 டன் வெட்டினால் 3,000. அதில் வாரச் செலவுக்கு 1,500 கையில் தருவார்கள், மீதி 1,500 கடனில் கழியும். 14 வாரத்தில் கடன் தீர வேண்டும். இப்போது எடைச்சீட்டில் 6 டன் 5 ஆகட்டும். வாரம் 1,000தான் கழியும், 20 வாரம் ஆகும். நடுவில் ஒரு வாரம் மழை: வெட்டு இல்லை, சாப்பாட்டுச் செலவு 1,500 கடனோடு சேரும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று 3,000 வாங்கினால் மூன்று வார உழைப்பு போயிற்று. இதற்குள் தோப்பு முடிந்துவிடும். பாக்கியோடு அடுத்த தோப்புக்குப் போக வேண்டும். யாரும் யாரையும் அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்தால் வேறு வேலைக்குப் போக முடியாது. போனால் மேஸ்திரி வீடு தேடி வருவார். பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

சட்டம் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலை தேடும் உரிமையையோ, நினைத்த இடத்துக்குப் போகும் உரிமையையோ இழந்தாலும், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய நேர்ந்தாலும் அது கொத்தடிமை. சங்கிலி தேவையில்லை. அப்படிப்பட்ட கடன் அந்தச் சட்டத்தின் கீழ் செத்த கடன், திருப்பி வாங்குவதே குற்றம். கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான், தொழிலாளி அல்ல. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றமும், குறைந்தபட்சக் கூலி தராமல் வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. முன்பணம் கொடுப்பதே தவறு என்று யாரும் சொல்லவில்லை. அது ஆளைக் கட்டிப்போடும்போதுதான் குற்றமாகிறது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம் மாவட்டம் கோனேரிக்குப்பத்திலும் அன்றைய வேலூர் மாவட்டத்திலும் மரம்வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்களை அதிகாரிகள் மீட்டார்கள். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படம் நாடு முழுக்கப் பரவியது, உங்களுக்கும் நினைவிருக்கும். அவர் வாங்கியிருந்த கடன் 1,000 ரூபாய் என்று செய்தி வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துப் பலர் நெகிழ்ந்தார்கள். எனக்கு வந்தது கோபம். சட்டம் வந்து 43 வருடம் கழித்தும், தனக்கு உரிமையானதைப் பெற ஒரு மனிதர் காலில் விழுகிறார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைமுறை போன பிறகு, கறுப்பின மக்களைக் கடனால் கட்டி வைத்து மர முகாம்களிலும் பைன் பிசின் முகாம்களிலும் வேலை வாங்கினார்கள். அலபாமாவில் முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால் அதையே மோசடிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள ஒரு சட்டம் இருந்தது. 15 டாலர் முன்பணம் வாங்கிய ஒரு தொழிலாளியின் வழக்கில் 1911இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மரம்வெட்டு ஊருக்கு வெளியே, சாலைக்கு அப்பால் நடக்கிறது, இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. கண்காணிக்க வருபவர் தேடிப் போக நிலையான முகவரி கிடையாது. இந்தக் குணம் எந்த நாட்டுத் தோப்புக்கும் பொருந்தும்.

இங்கே கொத்தடிமைகளை மீட்ட பிறகு என்ன என்பதில்தான் நம் அலுவலகங்கள் தடுமாறுகின்றன. விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டியவர் கோட்ட அளவிலான அதிகாரி. செஞ்சி வட்டத்துக்கு என்றால் திண்டிவனம் சப்-கலெக்டர். பழங்குடிச் சாதிச் சான்றிதழும் அதே மேசையிலிருந்துதான் வர வேண்டும், தாசில்தாரால் தர முடியாது. தோப்புக்குத் தோப்பு நகரும் குடும்பத்துக்கு நிலையான விலாசம் இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை, அது இல்லாததால் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று வளர்த்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்தச் சான்றிதழுக்காகவே எவ்வளவோ போராட வேண்டியிருந்தது.

பெண்கள் விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கூலி இருவருக்கும் சேர்த்து, கணக்கு கணவன் பெயரில். மனைவி பாதி உழைப்பைக் கொடுத்தும் கணக்கில் ஆளே இல்லை. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் மீட்கப்படும் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம் ரூபாய். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. ஆனால் விடுதலைச் சான்றிதழைக் குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் எழுதினால் மனைவியின் உழைப்பு மறுபடி காணாமல் போகும். முழுத் தொகை வருவதும் வழக்கில் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும்.

இருளர்களை அவர்கள் சொந்தத் திறமையோடு ஏற்றுக்கொண்ட தொழிலும் உண்டு. 1978இல் தொடங்கிய வடநெம்மேலி பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் அவர்கள் உரிமம் பெற்ற உறுப்பினர்கள். அவர்கள் எடுத்துக் கொடுக்கும் விஷம் நாடு முழுக்க முறிமருந்து தயாரிக்கப் போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். நமக்கு வடக்கே வந்தவாசி அருகே மீசநல்லூரில், வீடில்லாமல் அலைந்த இருளர் குடும்பங்களுக்கு வீடு கட்டிக்கொடுத்து, பால் மாடு, செங்கல், மரக்கரி என்று தொழிலும் அமைத்துக் கொடுத்தார்கள். கட்டையும் கரியும் அங்கேயும் உண்டு. ஆனால் கணக்கு இருளர்கள் கையில் இருக்கிறது.

சரி, தோப்பு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு என்ன வேலை? வியாபாரியோடு விலை பேசும்போது இரண்டு வரி சேர்த்து எழுதிக்கொள்ளலாம். வெட்ட வருகிற ஒவ்வொருவர் பெயரும், பெண்கள் பெயரும் தனியாக, ஒரு நோட்டில் பதிய வேண்டும். எடைமேடைச் சீட்டில் ஒரு நகல் வெட்டியவர்களுக்குத் தர வேண்டும். தோப்பு நம்முடையது என்பதால் வியாபாரியிடம் இதைக் கேட்க நமக்கு இடமிருக்கிறது. மரம் சாய்ந்து லாரி போன பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை, தோப்புக்கு வியாபாரி தரும் முன்பணம் நம் கைக்கு வரும் அன்றே கேட்க வேண்டும்.