அழித்த பிறகும் இடம் ஏன் குறைவதில்லை?

தரவுத்தளத்தில் லட்சக்கணக்கான பழைய பதிவுகளை அழித்துவிட்டு வட்டைப் பார்த்தால், அதன் கோப்பின் அளவு அப்படியே இருக்கும். ஏன்?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அது ஒவ்வோர் அட்டவணையையும் 8 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து வைக்கிறது. ‘டெலீட்’ என்றதும் அந்தப் பதிவின் வரிசை பக்கத்தை விட்டுப் போவதில்லை. அதை நீக்கிய பரிவர்த்தனையின் எண் மட்டும் அதன் தலையில் குறிக்கப்படுகிறது. காரணம் நியாயமானது. அதே நொடியில் வேறொருவர் நீண்ட அறிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் தொடங்கியபோது இருந்த கணக்கு முடியும்வரை மாறாமல் தெரிய வேண்டும். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் காக்கவைக்காத இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

யாருக்கும் தேவைப்படாத செத்த வரிசைகளை ‘வேக்கூம்’ கட்டளை பிறகு துப்புரவு செய்கிறது. ஆனால் காலியான இடத்தைப் பெரும்பாலும் இயங்குதளத்திடம் திருப்பித் தராது. அதே அட்டவணைக்கு வரும் புதிய பதிவுகளுக்காக வைத்துக்கொள்ளும். நடுவழியில் ஆள் இறங்கினால் இருக்கைதான் காலியாகும், பேருந்து சிறுக்காதே! கோப்பின் கடைசிப் பக்கங்கள் முழுக்கக் காலியாக இருந்தால் மட்டும் வாலை நறுக்கிவிடும்.

இடம் உடனே வேண்டுமென்றால் ‘வேக்கூம் ஃபுல்’. உயிருள்ள வரிசைகளை மட்டும் புதிய கோப்பில் எழுதிவிட்டுப் பழையதை நீக்கும். வேலை முடியும்வரை அந்த அட்டவணையைப் படிக்கக்கூட முடியாது. புதிய நகலுக்கு வட்டில் கூடுதல் இடமும் வேண்டும். ஆகவே வட்டு நிரம்பி வழியும் நாளில் இதைத் தொடங்குவது ஆபத்து.

மாதந்தோறும் பழையதை அழிப்பவர்கள் அட்டவணையை முதலிலேயே மாதவாரியாகப் பிரித்து வைக்கலாம். ஒரு பிரிவை ‘ட்ராப்’ செய்தால் அதன் கோப்பே போய்விடும்.