சிங்கம்பட்டியின் கடைசி அரசர்

ஆட்சி போன பின்னும் மக்கள் ஒருவரை 'ராஜா' என்றே அழைத்து வந்தனர். அவர்தாம் சிங்கம்பட்டி முருகதாஸ் தீர்த்தபதி. அம்பாசமுத்திரத்துக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது சிங்கம்பட்டி. 'தீர்த்தபதி' என்பது அக்குடும்பத்தாரின் பட்டம். தீர்த்தங்களின் தலைவர் என்று பொருள். பொருநைக் கரைக்கு எவ்வளவு பொருத்தம்!

அவர் பிறந்தது 1931-இல். அதற்கு முன்பே, 1929-இல், ஜமீன் தன் மலைக்காட்டில் சுமார் 8,374 ஏக்கரைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டுவிட்டது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் அங்கேதான் எழுந்தன.

இளம் பருவத்திலேயே முடிசூட்டப்பெற்றுக் கண்டியில் கல்வி பயின்ற இவர், இருபது வயதை ஒட்டியே ஜமீனை இழந்தார். 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தின்படி 1952-இல் காடு அரசினர் வசமாயிற்று. ஆயினும், விந்தையைப் பாருங்கள், கொடுத்த ஜமீன் மறைந்த பின்னும் குத்தகை நீடித்தது. அதன் கெடு 2028. அதற்குள்ளாகவே, தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தொழிலாளர்கள் 2024-இல் வேலையிழந்து, மலையில் வாழும் உரிமை கோரி நீதிமன்றம் ஏற நேர்ந்தது. அரச குடும்பத்தின் கதையைவிட என் மனத்தை உறுத்துவது இதுவே.

அரசருக்கு எஞ்சியது காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயில் உரிமை. ஆடி அமாவாசைக்குக் காட்டில் கூடும் பெருந்திரளுக்கு அவர் ஆண்டுதோறும் ராஜ உடையில் காட்சி தந்தார். மக்கள் அவரை ராஜா என்றது அந்த உறவினால்தான் என்பது என் கருத்து. 2020 மே மாதத்தில் அவர் காலமானார். தமிழ்நாட்டில் முடிசூட்டப்பெற்ற ஜமீன்தார்களுள் கடைசியாக வாழ்ந்தவர் அவரே என்பர்.