வீடு வாங்கினால் பள்ளி வந்துவிடுமா?

டல்லாஸுக்கு வடக்கே வீடு தேடும் நம்மவர்கள் முதலில் கேட்பது, வாசல் கிழக்கு பார்த்திருக்கிறதா என்று. அடுத்த கேள்வி, எந்த ஹைஸ்கூல். பிள்ளைகள் வளர்ந்த வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக மாறும். டெக்சஸ் மாநிலத்தின் ஃப்ரிஸ்கோவில் வீட்டின் விலையிலேயே பள்ளியின் பெயரும் கலந்திருக்கிறது. ஆனால் அந்த விலைக்குக் கிடைப்பதில் எது சட்டம் தரும் உரிமை, எது விற்பனையாளரின் வாய்ப்பேச்சு என்பது பலருக்கும் கையெழுத்துப் போட்ட பிறகே தெரிகிறது.

1990 கணக்கெடுப்பில் ஃப்ரிஸ்கோவின் மக்கள்தொகை 6,138. 2000இல் 33,714. அடுத்த பத்தாண்டில் 1,16,989, 2020இல் 2,00,509. இந்த வேகத்துக்குப் பின்னால் ஓடியதுதான் ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டி என்னும் பள்ளி மாவட்டம். அது நகராட்சியின் கிளை அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேர் கொண்ட போர்டு, தனி வரி, தனி எல்லை என்று தானே ஓர் அரசு போல இயங்குவது. 2003 வரை அங்கே ஒரே ஹைஸ்கூல்தான். அந்த ஆண்டு இரண்டாவதாக சென்டெனியல் வந்தது. 2022இல் திறந்த பேந்தர் க்ரீக்கோடு சேர்த்து இப்போது பன்னிரண்டு.

பக்கத்து ஊரான ஆலன், ஐயாயிரம் பிள்ளைகளை ஒரே ஹைஸ்கூலில் சேர்க்கும் வழியில் போனது. ஃப்ரிஸ்கோ அதற்கு நேர்மாறு: ஹைஸ்கூலுக்குச் சுமார் 2,100 பேருக்கு மேல் வேண்டாம், அப்போதுதான் கால்பந்து அணியிலும் பேண்டிலும் கூடுதல் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்றது. நல்ல கொள்கைதான். அதற்கு ஒரு விலையும் உண்டு. புதுப் பள்ளி திறக்கும் ஒவ்வொரு முறையும் சுற்றியுள்ள பள்ளிகளின் எல்லைக்கோட்டை மாற்றி வரைய வேண்டும். சிறிய பள்ளி வேண்டும் என்று கேட்ட அதே பெற்றோர்தான், ஸோன் மாறியதும் போர்டு கூட்டத்தில் கோபமாக எழுந்து நின்றார்கள்.

இன்ன பள்ளி மாவட்டத்தில் குடியிருந்தால் அந்த மாவட்டத்தின் ஏதோ ஒரு பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு இலவச இடம் உண்டு, இது சட்டம். இன்ன பள்ளியில்தான் இடம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எல்லையைப் போர்டு வரையும், மாற்றும். மாற்றும்போது கடைசி ஆண்டு மாணவர்கள் பழைய பள்ளியிலேயே முடித்துக்கொள்ளச் சலுகை தருவது வழக்கம். அதுவும் போர்டு மனம் வைத்துத் தருவது. பழைய பள்ளிக்குப் பஸ் வராமலும் போகலாம். பில்டரின் பளபளப்பான பிரசுரத்தில் பள்ளியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பள்ளி எல்லை மாறக்கூடும், வாங்குபவரே உறுதி செய்துகொள்ளவும் என்ற வரி அடியில் பொடி எழுத்தில் இருக்கும். நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம் அந்தப் பொடி எழுத்தின் பக்கம்தான் நிற்கும்.

இன்னொரு குழி, முகவரி. ஃப்ரிஸ்கோ என்று தபால் முகவரி இருந்தால் ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டி என்று அர்த்தமில்லை. ஊரின் சில பகுதிகள் ப்ராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் ஐஎஸ்டிகளைச் சேர்ந்தவை. பிளேனோ, மெக்கினி ஊர்களின் சில தெருக்களோ ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டிக்குள் வரும். வீடு விற்கும் தளங்கள் காட்டும் பள்ளிப் பெயரை நம்பாமல், பள்ளி மாவட்டத்தின் தளத்திலேயே கதவிலக்கத்தோடு தேடிப் பாருங்கள். பிடித்த பள்ளிக்காக உறவினர் வீட்டு முகவரியைக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். சேர்க்கைப் படிவத்தில் பொய்த் தகவல் தருவது டெக்சஸில் கிரிமினல் குற்றம்; படித்த காலத்துக்குக் கட்டணமும் வசூலிக்கலாம். விசாவில் இருப்பவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விசா என்றதும் சொல்ல வேண்டியது: பிள்ளையைச் சேர்க்கும்போது குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த ப்ளைலர் எதிர் டோ தீர்ப்பு இது. வழக்கு பிறந்ததே டெக்சஸின் டைலர் ஊர்ப் பள்ளிகளால். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால் மாநில அடையாள எண் தந்து சேர்த்துக்கொள்வார்கள். வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கும் படிவத்தில், தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஓரங்கட்டிவிடுவார்களோ என்று பயந்து இங்கிலீஷ் என்று எழுதுபவர்கள் நிறைய. தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள், அவ்வளவுதான். அதில் தேவை என்று தெரிந்தாலும், சிறப்பு ஆங்கில வகுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது.

மாவட்டம் வளரும் வரைக்கும் எல்லாம் சரி. 2022-23இல் மாணவர் எண்ணிக்கை 67,000ஐ நெருங்கியது. பிறகு இறங்க ஆரம்பித்தது. ஊரின் வடக்கே இன்னும் வீடு முளைக்கிறது, பழைய தெருக்களில் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், வீட்டு விலையோ இளம் தம்பதிகளுக்கு எட்டாததாகிவிட்டது. மாநில அரசு பணம் தருவது அன்றாட வருகைக் கணக்கில். ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகை 2019 முதல் 2025 வரை 6,160 டாலரிலேயே நின்றது, விலைவாசி நிற்கவில்லை. 2024-25 கல்வியாண்டோடு ஸ்டேலி மிடில் ஸ்கூலை மூடினார்கள். வளர்ச்சிக்குப் பேர்போன மாவட்டத்தில் பள்ளி மூடப்படும் என்று அங்கே வீடு வாங்கியபோது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இதில் வாக்காளர்களுக்கும் பங்குண்டு. பள்ளி வரி இரண்டு பகுதி: ஒன்று சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும், மற்றது கட்டடக் கடனை அடைக்க. கடன் பத்திரப் பணத்தில் பள்ளி கட்டலாம், ஆசிரியருக்குச் சம்பளம் தர முடியாது. 2016 ஆகஸ்டில் சம்பளப் பகுதிக்கான வரி உயர்வை மக்கள் நிராகரித்தார்கள். விளைவு, நான்கு புதுப் பள்ளிகளின் திறப்பு தள்ளிப்போனது. 2018இல் 69.1 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதம் கிடைத்தது. 2024 நவம்பரில் வரி உயர்வு, கடன் பத்திரம் இரண்டுமே தோற்றன. ஸோன் மாறுவது, பள்ளி மூடுவது, வகுப்பில் கூட்டம் கூடுவது எல்லாம் இந்த வாக்குச்சீட்டிலிருந்து தொடங்குகிறவை.

கட்டடம், எல்லை, பணம் எப்படிப் போனாலும் கைவிட்டுப் போகாத உரிமை சிறப்புக் கல்வி. நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுவதும் இதில்தான். டெக்சஸுக்கு இதில் கெட்ட பெயர் உண்டு. 2004 முதல், மொத்த மாணவரில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருக்கக் கூடாது என்பது போல ஓர் அளவுகோலை மாநிலக் கல்வித்துறையான டிஇஏ பள்ளிகள் மேல் வைத்தது. அது கூட்டாட்சிச் சட்டத்தை மீறியது என்று 2018 ஜனவரியில் அமெரிக்கக் கல்வித்துறை தீர்ப்புச் சொன்னது. எத்தனையோ பிள்ளைகள் அதற்குள் பள்ளியை முடித்துவிட்டிருந்தார்கள்.

பேச்சு தாமதம், எழுத்துகள் குழம்புதல், கவனம் நிலைக்காமை என எதுவானாலும், நம் பழக்கம் டீச்சரிடம் பணிவாகக் காதில் போட்டுவைப்பது. அவரும் கொஞ்சம் பார்க்கலாம் என்பார். அந்தப் பார்க்கலாமில் ஓராண்டு ஓடிவிடும். வாயால் கேட்டால் சட்டம் வகுத்த நாள் கணக்கு தொடங்காது, எழுத்தில் கேட்டால் தொடங்கும். பிரின்சிபாலுக்கோ சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கோ ஒரு மின்னஞ்சல் போதும்: பிள்ளையின் பெயர், வகுப்பு, நீங்கள் கவனித்த இரண்டு மூன்று விஷயங்கள், முழு சிறப்புக் கல்வி மதிப்பீடு வேண்டுகிறேன் என்ற வாக்கியம், தேதி. அன்றிலிருந்து 15 பள்ளி நாட்களுக்குள் அவர்கள் சம்மதப் படிவம் தர வேண்டும், அல்லது ஏன் மறுக்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட பின் பொதுவாக 45 பள்ளி நாட்களில் அறிக்கை. முதலில் வேறு பயிற்சி கொடுத்துப் பார்க்கிறோம் என்பதை மதிப்பீட்டைத் தள்ளிப்போடச் சாக்காகச் சொல்லக் கூடாது. இதற்கெல்லாம் பைசா செலவில்லை.

அடுத்து வருவது ஏஆர்டி கூட்டம், அதாவது பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி உண்டா, எப்படி என்று முடிவு செய்யும் குழுவின் கூட்டம். மேஜையைச் சுற்றிப் பள்ளித் தரப்பில் ஐந்தாறு பேர் இருப்பார்கள், நீங்கள் தனியாக இருப்பீர்கள். நீங்களும் அந்தக் குழுவின் உறுப்பினர், விருந்தாளி அல்ல. கூட யாரையாவது அழைத்துப் போகலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அறிக்கையின் பிரதியை முன்பே கேட்டு வாங்கலாம். அன்றே சம்மதம் சொல்ல வேண்டிய அவசரமில்லை. மதிப்பீட்டில் திருப்தி இல்லையென்றால் வெளி நிபுணரின் மதிப்பீட்டை மாவட்டச் செலவிலேயே கேட்கலாம். தங்கள் மதிப்பீடே சரி என்று மாவட்டம் நினைத்தால் அதை விசாரணையில் நிரூபிக்க வேண்டியது அவர்கள் பாடு. அதிலும் வழி பிறக்காவிட்டால் டிஇஏவிடம் எழுத்துப் புகார். மீறல் நடந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும், 60 நாட்களில் முடிவு தருவார்கள். இந்தப் புகாருக்கு வக்கீல் தேவையில்லை.

வரி விஷயத்துக்கு வருவோம். ஏப்ரலில் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து வரும் உறையைப் பிரிக்காமல் மேஜையில் போட்டுவிடாதீர்கள். வீட்டு மதிப்பு அதிகம் என்று நினைத்தால் மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு: 2025 முதல் பள்ளி வரிக்கான மதிப்பில் 1,40,000 டாலர் கழியும். நூறு டாலருக்கு ஏறத்தாழ ஒரு டாலர் வரி என்ற கணக்கில் ஆண்டுக்கு 1,400 டாலர் மிச்சம். வரி கட்டும் மதிப்பு ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறாமலும் அது தடுக்கும். டிரைவர் லைசென்ஸில் அந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும். விண்ணப்பம் இலவசம். அரசுக் கடிதம் மாதிரி அச்சடித்து, விலக்கு வாங்கித் தருகிறோம், இவ்வளவு டாலர் அனுப்புங்கள் என்று வருவதைக் குப்பையில் போடலாம். விண்ணப்பிக்க மறந்து சில ஆண்டுகள் ஓடிவிட்டாலும், வரிக் கெடுவிலிருந்து இரண்டு ஆண்டு வரை பின்தேதியிட்டுக் கேட்கலாம்.

போர்டு தேர்தல் மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் நடக்கும். ஹெச்1பி விசாவில் இருப்பவருக்கு அதில் ஓட்டு இல்லை. போர்டு கூட்டத்தில் பேசுவதற்கோ குடியுரிமை கேட்க மாட்டார்கள். முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் போதும், சில நிமிடம் தருவார்கள். எல்லை மாற்றமும் பள்ளி மூடலும் நிகழ்ச்சி நிரலில் வந்த பிறகே வாக்கெடுப்புக்கு வர முடியும், அந்த நிரல் மாவட்டத்தின் தளத்தில் முன்னதாகவே வெளியாகும்.