கடலுக்கு மேலே ஒரு கண்

எங்கள் ஒத்தக்கடையில் மேலூர் சாலையோரம் நின்று பார்த்தால் மதுரையின் கோபுரங்கள் தெரிவதில்லை. யானைமலையில் கொஞ்ச தூரம் ஏறிவிட்டால் அவை கண்ணுக்குத் தட்டுப்படுகின்றன. கீழே நிற்கும்போது வீடுகளும் மரங்களும் மறைக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் வீடும் மரமும் இல்லாத நடுக்கடலிலும் இதே தொல்லை உண்டு. அங்கே மறைப்பது பூமியின் முதுகு.

பூமி உருண்டை என்பதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதனால் நேரும் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பவர் குறைவு. நாம் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். ராடார் அலைகள் காற்றில் சற்றே வளைந்து செல்வதால் அவற்றுக்கு 4.12 ஆல் பெருக்க வேண்டும்.

ஒரு போர்க்கப்பலின் ராடார் 25 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதன் தொடுவானம் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அலைகளுக்கு 4 மீட்டர் மேலே பறந்து வரும் ஏவுகணைக்கு உரிய 8 கிலோமீட்டரையும் கூட்டினால் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை இத்தூரத்தை ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும்.

"கம்பத்தை உயர்த்தினால் என்ன, சார்?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் தொடுவானத்தை இரு மடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். 100 மீட்டர் கம்பத்தைத் தாங்கும் கப்பல் அலையில் கவிழ்ந்துவிடும். ஆகவே ராடாரைத்தான் விமானத்தில் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும். 3,000 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் 225 கிலோமீட்டருக்குப் போய்விடுகிறது. ஒன்றரை நிமிடம் பதின்மூன்று நிமிடமாகிறது. அதைவிட முக்கியம், ஏவுகணையைச் சுமந்து வரும் விமானத்தையே அது ஏவுமுன் கண்டுவிடலாம்.

இந்தக் கண் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டிஷ் கடற்படை 1982-இல் கண்டது. கானட் என்னும் முன்னெச்சரிக்கை விமானங்களை 1978-இலேயே அது கைவிட்டிருந்தது. பாக்லாந்துப் போரில், மே 4 அன்று, தாழப் பறந்து வந்த அர்ஜென்டீன விமானங்கள் ஏவிய எக்ஸோசே ஏவுகணை 'ஷெப்பீல்டு' கப்பலைத் தாக்கியது. இருபது பேர் மாண்டனர். அவசர அவசரமாக, சீ கிங் ஹெலிகாப்டரின் பக்கவாட்டில் காற்றடைத்த பை ஒன்றில் ராடாரை வைத்துத் தொங்கவிட்டார்கள். அது கடலுக்குச் சென்றபோது போரே முடிந்திருந்தது.

அப்போரில் பிரிட்டிஷ் தலைமைக் கப்பலாக இருந்த 'ஹெர்மிஸ்', 1987-இல் நமது 'விராட்' ஆயிற்று. நம் கடற்படை 2003 முதல் காமோவ்-31 என்னும் ரஷ்ய ஹெலிகாப்டர்களை இப்பணிக்குப் பயன்படுத்துகிறது. அதன் வயிற்றின் கீழ் 6 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட பலகை போன்ற அலைவாங்கி மடங்கிக் கிடக்கும். பறக்கும்போது அது கீழிறங்கிச் சுழலும்; சுழற்சிக்குத் தடையாகாதபடி சக்கரங்கள் மேலே ஒதுங்கிக்கொள்ளும்.

உயரே சென்றுவிட்டால் மட்டும் போதாது. மேலிருந்து கீழே பார்க்கும் ராடாருக்குக் கடலலைகளே பேரிரைச்சலாக எதிரொலிக்கின்றன. சந்தை இரைச்சலில் ஒருவர் குரலைப் பிரித்தறிவது போன்ற வேலை இது. இங்கே டாப்ளர் விளைவு கைகொடுக்கிறது. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி உயர்ந்து கேட்பதைப் போல, நெருங்கி வரும் ஏவுகணையிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண்ணும் சற்று உயர்கிறது. அந்த மாறுதலைக் கொண்டு கணிப்பொறி அதைக் கடலிலிருந்து பிரித்தெடுக்கிறது.

அடுத்த சிக்கல் சுழற்சி. அமெரிக்காவின் 'ஹாக்ஐ' விமானம் 1960-இல் முதலில் பறந்தது. முதுகில் 7.3 மீட்டர் விட்டமுள்ள தட்டு ஒன்றைச் சுமந்திருக்கும். தட்டு ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 10 விநாடி ஆகும். அதற்குள் நமது ஏவுகணை 3 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். சந்தேகத்துக்குரிய புள்ளியை மறுபடி பார்க்க வேண்டுமென்றால் தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதற்கு மாற்று, அலைவாங்கியை அசைக்காமலே கற்றையைத் திருப்புவது. வண்டியூர்த் தெப்பக்குளத்தின் படிக்கட்டில் பத்துச் சிறுவர்கள் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் கல்லைப் போட்டால், வளையங்கள் ஒன்றுசேர்ந்து கரைக்கு நேர் எதிரே செல்லும் அலைமுகமாகும். இடமிருந்து வலமாக ஒருவர்பின் ஒருவராக, சிறு இடைவெளி விட்டுப் போட்டால் அலைமுகம் சாய்ந்து, வலப்பக்கமாகத் திரும்பிச் செல்லும். சிறுவர்கள் இடம்விட்டு நகரவே இல்லை! கற்களுக்குப் பதிலாகச் சிறு அலைவாங்கிகள், இடைவெளிக்குப் பதிலாக மின்னணுத் தாமதம், அவ்வளவே வேறுபாடு. கற்றையை நொடிப்பொழுதில் எங்கும் திருப்பலாம்.

2014-இல் பணிக்கு வந்த புதிய ஹாக்ஐ இரண்டையும் இணைத்துக்கொண்டது. 18 அலகுகள் கொண்ட அதன் அலைவாங்கி தட்டோடு சுழலவும் செய்யும். சுழற்சியை நிறுத்தி ஒரு திசையை மட்டும் கற்றையால் துழாவவும் செய்யும். ஆனால் வெளித்தோற்றம் பெரும்பாலும் பழையதே. கப்பலின் கொட்டகைக்குள் நுழைய வேண்டுமே! சிறகுகள் மடிய வேண்டும். வால் குட்டையாக இருக்க வேண்டும். தட்டைப் பெரிதாக்க வழியில்லை. ஏறத்தாழ 70 செண்டிமீட்டர் அலைநீளத்தை 7.3 மீட்டர் தட்டிலிருந்து அனுப்பினால் 200 கிலோமீட்டர் தொலைவில் கற்றை 20 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். இக்குறையைக் கணிப்பொறிதான் ஈடுசெய்ய வேண்டும்.

நம் நாட்டிலும் சுழலும் தட்டு முயற்சி ஒன்று நடந்தது. ஆவ்ரோ விமானத்தின் மேல் தட்டைப் பொருத்திச் சோதித்தார்கள். 1999 ஜனவரி 11 அன்று அரக்கோணம் அருகே, தரையிறங்கும் வேளையில் அது விழுந்து நொறுங்கியது. விஞ்ஞானிகளும் விமானப்படையினருமாக எட்டுப் பேர் உயிரிழந்தனர். இவ்விஷயத்தைப் பாடப்புத்தக விஷயமாக மட்டும் எண்ணி எழுத என்னால் இயலவில்லை. 2017 பிப்ரவரியில் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்ட 'நேத்ரா'வில் சுழலும் தட்டு இல்லை. விமானத்தின் முதுகில் அசையாத நீள்பெட்டி ஒன்று உள்ளது. அதன் இருபுறமும் பக்கத்துக்கு 120 பாகை பார்க்கலாம். பக்கவாட்டில் மிகச் சாய்த்தால் கற்றை அகன்று வலுவிழப்பதால், முன்னும் பின்னும் பார்வைக்கு எட்டாத பகுதி எஞ்சுகிறது.

ஆனால் நேத்ராவுக்கு நிலத்து ஓடுபாதை வேண்டும். 2013-இல் சேர்ந்த 'விக்கிரமாதித்யா'வும் 2022-இல் சேர்ந்த புதிய 'விக்ராந்த்'தும் வளைந்து உயரும் தளமுனை கொண்டவை. விமானத்தை உந்தி எறியும் விசைப்பொறி அவற்றில் இல்லை. 26 டன் எடை வரை ஏறும் ஹாக்ஐக்கு அப்பொறி வேண்டும். எனவே நமக்கு ஹெலிகாப்டர்தான். சுழலும் பலகையை மாற்றி மின்னணுப் பலகை பொருத்தினாலும், 7,500 மீட்டரில் பறக்கும் விமானத்தின் உயரம் அதற்குக் கிட்டாது. பார்க்கக் கூடிய பரப்பு உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 3,000 மீட்டரில் நிற்பது அதில் ஐந்தில் இரண்டு பங்கையே காணும். மேலும் காமோவ் ஏறத்தாழ இரண்டரை மணி நேரமே மேலே இருக்கும். இரவும் பகலும் ஒன்று காவலில் நிற்க வேண்டுமானால் நாளொன்றுக்குப் பத்து முறையாவது ஹெலிகாப்டர்கள் தளத்திலிருந்து எழ வேண்டியிருக்கும்.