மீத்தேன் வாயுவின் தன்மைகளும் பயன்களும்

குளத்தின் அடிச்சேற்றைக் கழியால் கிளறினால் குமிழ் குமிழாக ஒரு வாயு வெளிவருவதை உழவர்கள் பார்த்திருக்கலாம். இத்தாலி நாட்டு அறிஞர் வோல்ட்டா 1776-ஆம் ஆண்டில் மஜோரே ஏரியில் இவ்வாயுவைப் புட்டியில் பிடித்து, அது எரியக்கூடியது என்று கண்டார். இதுவே மீத்தேன். நீர் தேங்கிய நெல் வயலிலும், மாட்டின் வயிற்றிலும், கோபர் காஸ் எனப்படும் சாண எரிவாயுக் கலனிலும் உண்டாவது இதே வாயுதான். காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் சாணத்தைச் சிதைப்பதால் இது உண்டாகிறது.

ஒரு கரி அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது மீத்தேன். இதற்கு நிறமும் மணமும் இல்லை. சாண எரிவாயுவில் இது நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு வரை இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு, அது எரியாது. புதிய கலனில் முதலில் வரும் வாயு தீப்பற்றாவிட்டால் கலன் பழுது என்று எண்ண வேண்டாம். தொடக்கத்தில் கரியமில வாயு மிகுந்திருக்கும். காற்றும் கலந்திருக்குமாதலால் அந்த வாயுவைக் கொளுத்திப் பார்க்காமல் திறந்த வெளியில் விட்டுவிட வேண்டும். சிறிதளவே உள்ள ஹைட்ரஜன் சல்பைடு இரும்பை அரித்துவிடும். ஆயினும் வாயு கசிந்தால் அழுகிய முட்டை நாற்றத்தால் நமக்கு அறிவிப்பதும் அதுவே.

காற்றில் மீத்தேன் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே கசிவைச் சோப்பு நுரை தடவித்தான் கண்டறிய வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது கூடவே கூடாது. தூய மீத்தேன் காற்றில் ஏறத்தாழப் பாதி எடையே உடையது. சாண எரிவாயுவோ, கரியமில வாயு கலந்திருப்பதால், காற்றைவிடச் சிறிதளவே இலேசானது. எளிதில் மேலே போய்விடாது. நாற்றம் அடித்தால் கதவு, சன்னல்களை எல்லாம் திறந்துவிட வேண்டும். காலி செய்த கலனுக்குள் இறங்குவது இதைவிட ஆபத்து. உள்ளே மூச்சுவிடக் காற்று இராது. ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய மற்றவரும் மாண்டுபோவது உண்டு. இறங்காமல், வெளியில் இருந்தபடியே நீண்ட கழியால் வேலையை முடிப்பதே நலம்.

இதைச் சமையல் வாயுவைப் போல உருளையில் அடைத்து வைக்க முடியாதா என்று பலர் கேட்கின்றனர். சமையல் வாயு அழுத்தத்தால் திரவமாகிவிடும். மீத்தேனோ பூச்சியத்திற்குக் கீழ் 83 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது குளிர்ந்தாலன்றி, எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. வாயுவாகவே அடைப்பதற்குப் பெரிய இயந்திரங்கள் தேவை. ஆகவே உற்பத்தியாகும் இடத்திற்கு அருகிலேயே பயன்படுத்துவதுதான் நமக்கு ஏற்றது.

நான்கைந்து மாடுகளின் சாணம், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ, 2 கன மீட்டர் வாயு தரும். ஆறேழு பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு இது போதும். இதற்கென அமைந்த அடுப்பில் நீலச் சுடராக எரியும். டீசல் என்ஜினையும் ஓட்டலாம். ஆனால் 5 குதிரைத்திறன் என்ஜினுக்கு மணிக்கு ஏறத்தாழ 2 கன மீட்டர் வேண்டும். சிறு கலனை நம்பி இறைவைக்குத் திட்டமிட வேண்டாம். அழுத்தத்தால் மட்டும் இவ்வாயு பற்றிக்கொள்ளாதாகையால் கொஞ்சம் டீசலும் செலவாகும்.

மீத்தேனில் இருப்பவை கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே. எனவே வாயுவை எடுத்த பின்னும் தழை, மணி, சாம்பல் சத்துக்கள் சாணக் கழிவிலேயே தங்கிவிடுகின்றன. வறட்டி தட்டி எரித்தாலோ தழைச்சத்து புகையோடு போய்விடும். கழிவை வெயிலில் உலர்த்தினாலும் அம்மோனியாவாகத் தழைச்சத்து வீணாகும். பாசன நீரோடு பாய்ச்சலாம். அல்லது குப்பைக் குழியில் இலைதழைகளின்மேல் ஊற்றி மண்ணால் மூடிவைக்கலாம்.