நல்ல கார்டு கையில இருக்கு… அமைதியா இருக்கலாமா? சின்ன டேபிள் போக்கர் சொல்லும் காசுக் கணக்கு

ஓசூர்லயும் பெங்களூருலயும் ரூம் எடுத்து வேலை பார்க்கும் நம்ம தர்மபுரிப் பசங்க ரிட்டர்ன் ஃபைல் பண்ண வரும்போது, ஏ.ஐ.எஸ்.-ல ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: ஆன்லைன் கேம் வெற்றித் தொகை, அதற்குப் பிடித்த டி.டி.எஸ். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு எப்படியோ ஆட்டத்துக்குள் போய்விடும். "சார், என்கிட்ட செட் இருந்துச்சு, ஆனா காட்டிக்கல. கடைசியில அவன் ஃப்ளஷ் அடிச்சுட்டான்." இதுக்குப் பேர்தான் ஸ்லோபிளே. பலமான கை வந்ததும் பலவீனமான மாதிரி நடித்து, எதிராளியை உள்ளே இழுப்பது.

கேட்க புத்திசாலித்தனமா இருக்கும். கணக்கு போட்டுப் பார்ப்போம்.

5/10 ரூபாய் டேபிள். உங்க முன்னாடி 1,000 ரூபாய். கையில ரெண்டு ஏழு: ஸ்பேடு ஏழு, ஹார்ட் ஏழு. 30-க்கு ஏத்துறீங்க, பிக் பிளைண்டு மட்டும் கால் பண்றார். பாட் 65. ஃப்ளாப்பில் ஸ்பேடு கிங், ஸ்பேடு ஒன்பது, டைமண்ட் ஏழு. உங்களுக்கு செட். எதிராளிகிட்ட ஒரு கிங் இருக்குன்னு வைங்க.

வழி ஒன்று: மூணு ரவுண்டும் பாட்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பெட். ஃப்ளாப்பில் 45, பாட் 155 ஆகும். டர்னில் 100, பாட் 355. ரிவரில் 235. கிங் வச்சிருக்கிறவர் கால் பண்ணிக்கிட்டே வந்தா அவர்கிட்ட இருந்து வாங்கினது 380 ரூபாய்.

வழி இரண்டு: ஃப்ளாப்பில் செக். அவரும் செக். டர்னில் 45, ரிவரில் 100. வாங்கினது 145.

விட்டது எவ்வளவு? பெட் பண்ணாம விட்டது ஃப்ளாப்போட 45 ரூபாய்னு தோணும். இல்லை. விட்டது 235. முதல் ரவுண்டைத் தவற விட்டால் காணாமல் போவது கடைசி, பெரிய ரவுண்டு. ஏன்னா பாட் கூட்டு வட்டி மாதிரி வளர்கிறது. மாசம் 5,000 எஸ்.ஐ.பி.யை ஆண்டுக்கு 12% என்று வைத்துக் கணக்கிட்டால் (உத்தரவாதம் கிடையாது, கணக்குக்காக மட்டும்) 30 வருஷத்தில் சுமார் 1.75 கோடி, 10 வருஷம் தள்ளி ஆரம்பித்து 20 வருஷம் மட்டும் போட்டால் சுமார் 49 லட்சம். கட்டாமல் விட்டது 6 லட்சம்தான். அதே சங்கதி.

இது எதிராளிகிட்ட கிங் இருந்தால். ரெண்டு ஸ்பேடு இருந்தால்? நமக்குத் தெரிந்த ஏழு கார்டு போக மீதி 45. அதில் ஸ்பேடு 8. டர்னிலேயே வர வாய்ப்பு சுமார் 18%. அதை இலவசமா பார்க்க விடுறீங்க. பத்தும் ஜாக்கும் வச்சிருக்கிறவருக்கு எட்டு வந்தாலும் குயின் வந்தாலும் ஸ்ட்ரெய்ட்.

நம்ம ஊர்க் கணக்குல சொல்லணும்னா, புளியும் தக்காளியும். புளியைக் குளிர்பதனக் கிடங்கில் போட்டு விலை ஏறும்வரை காத்திருக்கலாம். பாலக்கோடு மண்டிக்குக் கொண்டு வந்த தக்காளியை அப்படி வைக்க முடியுமா? மேலே சொன்ன ஏழு செட் தக்காளி. ஃப்ளாப்பிலேயே நாலு ஏழும் உங்களுக்கு அமைஞ்சா அது புளி. எதிராளிக்கு எந்தக் கார்டு வந்தாலும் அநேகமா பயமில்லை, கால் பண்ண அவர்கிட்டயும் இப்போதைக்கு எதுவும் இருக்காது. அங்கே செக் பண்ணி அவருக்கு ஏதாவது சேரட்டும்னு விடுறதுல அர்த்தம் இருக்கு.

"ஜானி சான் பண்ணாரே?" என்று கேட்பவர்கள் உண்டு. 1988 உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட் கடைசிக் கையில், ஃப்ளாப்பிலேயே ஸ்ட்ரெய்ட் அமைந்தும் சான் வேகம் காட்டவில்லை. எரிக் சீடல் ஒரு ஜோடி குயினை வைத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தள்ளினார், தோற்றார். 1998-ல் வந்த 'ரவுண்டர்ஸ்' படம் அந்தக் கையை உலகம் முழுக்கக் கொண்டு போனது. ஆனா அங்கே மேஜையில் ரெண்டே பேர், எதிராளி தானாகவே பெட் பண்ணுகிற ஆள். 5/10 டேபிளில் உட்காருகிறவர் பெரும்பாலும் தானா பெட் பண்ண மாட்டார். நாம பண்ணினா கால் பண்ணுவார். பொறி வைக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் பொறி வைக்கிறோம்.

"இப்பதான் ஆன்லைன்ல காசு வச்சு ஆடவே முடியாதே, அப்புறம் எதுக்கு இது?" நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2022 சட்டம் வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி அந்தத் தடையை விலக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் சட்டம் கொண்டு வந்ததும் பெரிய ஆப்கள் காசு ஆட்டத்தை நிறுத்திவிட்டன. ஆட்டம் நின்னுச்சு, வரி நிற்கலை.

2025 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆடி நிகரமாக 40,000 ஜெயித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரிவு 115பிபிஜே படி 30%, அதாவது 12,000. அதன் மேல் 4% செஸ் 480. ஆப் பிடித்த டி.டி.எஸ். 12,000 மட்டும். மீதி 480 நீங்கதான் கட்டணும். "என் சம்பளம் 12 லட்சத்துக்குக் கீழ, புது முறையில வரி பூஜ்யம், டி.டி.எஸ். ரீஃபண்டா வந்துடும்" என்று காத்திருக்காதீங்க. 87ஏ தள்ளுபடி இந்த மாதிரி சிறப்பு விகித வருமானத்துக்குக் கிடையாது. ஒரே ஆப்புக்குள் அந்த ஆண்டில் ஜெயித்ததும் தோற்றதும் கழிந்துதான் நிகரத் தொகை வரும். ஆண்டு முழுக்கத் தோற்றிருந்தால் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டு போக முடியாது.

இந்த வருமானம் இருந்தால் ஐ.டி.ஆர்.-1 செல்லாது, ஐ.டி.ஆர்.-2 போடணும். ஆபீஸில் எல்லாரும் ஐ.டி.ஆர்.-1 போடுறாங்கன்னு நீங்களும் அதையே போடாதீங்க. ஆப் மூடியிருந்தாலும் லாகின் வேலை செய்தால் டெபாசிட், வித்டிராயல் ஸ்டேட்மென்ட்டை இன்னைக்கே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, ஏ.ஐ.எஸ்.-ல இருக்கிற தொகையோட ஒப்பிட அதுதான் கையில வேணும்.