உபயம் எழுதாத ட்யூப்லைட்

நம் ஊர்க் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். ட்யூப்லைட்டில் 'உபயம்: இன்னார், இன்னார் மகன், இன்ன ஸ்டோர்ஸ்' என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பெயின்ட்டால் எழுதியிருக்கும். மிச்சமிருக்கும் ஒரு சாண் இடத்தில், போனால் போகிறதென்று கொஞ்சம் வெளிச்சமும் வரும்! அஞ்சு கிலோ அரிசி கொடுத்தால்கூட அதற்குப் பத்தடி பேனர் கட்டும் ஜனங்கள் நாம்.

கேரளாவில், மலப்புரம் மாவட்டத்து கிராமம் ஒன்றில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வகுப்புக்கு வகுப்பு ஒரு தகர டப்பா. மூடியில் காசு போட ஒரு கீறல். வெள்ளிக்கிழமையானால் பிள்ளைகள் ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் போடுகிறார்கள். யார் போட்டது, எவ்வளவு போட்டது என்று எழுத நோட்டு கிடையாது.

பி.காம். படித்தவனுக்குக் கை அரிக்காதா? "கணக்கு வேண்டாமா மாஷ்?" என்றேன். (அங்கே வாத்தியார்தான் 'மாஷ்'. இவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் சரளம்.)

"மொத்தத்துக்குக் கணக்கு உண்டு சார். ஆளுக்கு ஆள் எதுக்கு? காசு இல்லாத பிள்ளை தலையைக் குனியவா?"

டப்பா காசு போய்ச் சேருவது ஊரில் இருக்கும் பாலியேட்டிவ் கிளினிக்குக்கு. குணமாக்க முடியாத புற்றுநோய், முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் விளங்காமல் போனது, வருஷக்கணக்காய்ப் படுக்கை... பெரிய ஆஸ்பத்திரி 'இனிமே வீட்டிலேயே வெச்சுப் பாத்துக்குங்க' என்று அனுப்பிவிடுகிறதே, அவர்களுக்கான சிகிச்சை. 1993-ல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் என்ற மயக்க மருந்து நிபுணர்கள் சிறிதாக ஆரம்பித்தது. வலிக்கு மார்ஃபின் கொடுத்தார்கள். வலி குறைந்தது. ஆனால் வீட்டில் அடுப்பு எரியவில்லை!

யோசித்துப் பாருங்கள். சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டார். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் மனைவியும் வேலைக்குப் போக முடியாது. வரவு சைபர். செலவுப் பக்கம் மட்டும் மருந்து, ஆட்டோ, பால், வாடகை என்று நீளும். அடுத்து என்ன நடக்கும்? மூத்த பையன் ஸ்கூலை விட்டு ஏதாவது கடையில் எடுபிடியாகச் சேருவான். படுத்திருப்பது ஒருத்தர், விழுந்திருப்பது வீடு. இதற்கு எந்த மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை விற்கிறது?

2000-ஐ ஒட்டிய வருடங்களில் மலப்புரத்துக்காரர்கள் இதைத் தெருக்காரர்கள் பொறுப்பாக்கினார்கள். தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நர்ஸ் வண்டி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கடைகளில் உண்டியல். 2008-ல் கேரள அரசே இதற்கென்று ஒரு கொள்கை வகுத்துப் பஞ்சாயத்துகளை உள்ளே இழுத்தது. ஜனவரி 15 அங்கே பாலியேட்டிவ் தினம். நாம் சர்க்கரைப் பொங்கல் மயக்கத்தில் டி.வி. முன்னால் சாய்ந்திருக்கும் சமயம்!

கணக்குக்கு வருகிறேன். ஆயிரம் பிள்ளைகள், வாரம் ஆளுக்கு ஒரு ரூபாய், வருஷத்தில் நாற்பது வாரம் என்று வையுங்கள். நாற்பதாயிரம் ரூபாய். இதில் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. அரிசி, பருப்பு, எண்ணெய் அடங்கிய பை ஒன்று ஆயிரம் ரூபாய் என்றால் நாற்பது பை வாங்கலாம். மாதம் ஒன்று என்று மூன்று வீட்டுக்கு வருஷம் முழுக்க வந்துவிடும், கொஞ்சம் மிஞ்சும். நாம் ஆபீஸில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் ஒரே தடவை வசூல் பண்ணி, கவரில் போட்டுக் கொடுத்து, கேன்டீனுக்குப் போய்விடுகிறோம். அடுத்த மாதமும் அந்த வீட்டில் பசிக்கும் என்பது நினைவுக்கு வருவதில்லை.

சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. உதவி வாங்கும் வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில்தானே உட்கார்ந்திருக்கிறது? ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை மாஷ் கண்ணாலேயே காட்டினார். அப்பா பாக்கு மரம் ஏறுகிறவர். விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது அவனுக்குப் பை, நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் கிளினிக் கொடுக்கிறது. அசெம்பிளியில் மேடையேற்றிக் கைதட்டியா? ஊஹூம். மருந்தோடு மருந்தாக நர்ஸ் வண்டியில் வீட்டுக்குப் போய்விடும். மற்றவர்கள் வாங்கும் அதே கடையில் எடுத்த அதே பை. எது காசு கொடுத்து வாங்கியது என்று ஷெர்லாக் ஹோம்ஸ் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் பையனும் வெள்ளிக்கிழமை டப்பாவில் காசு போடுகிறான்.

"அவன்கிட்ட வேண்டாம்னு சொல்லலாமே மாஷ்?"

"ஏன் சார் சொல்லணும்?" என்றார். எனக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை.

அவன் அப்பா இப்போது குடை செய்கிறார். படுத்தபடியே கம்பி கோத்துத் துணி மாட்டும் வேலை. கேரளாவில் இப்படிப் பலர் குடை, காகிதப் பேனா எல்லாம் செய்கிறார்கள். பேனாவின் அடியில் ஒரு விதை இருக்கும். மை தீர்ந்ததும் மண்ணில் ஊன்றிவிடலாம். மழைக்கு முன்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் குடை ஆர்டர் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். 'பாவம், வாங்குங்க' என்று கேட்கக்கூடாதாம். 'நல்ல குடை, விரிச்சுப் பாருங்க' என்றுதான் சொல்ல வேண்டுமாம். நானும் விரித்துப் பார்த்து ஒன்று வாங்கினேன்.

நம் பக்கத்திலும் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. அதில் நர்ஸ் வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சையும் தருகிறார். நல்ல விஷயம். ஆனால் அவர் பையில் மருந்துதான் இருக்கும், அரிசி இருக்காது. அது பக்கத்து வீட்டு டிபார்ட்மென்ட்.

கிளம்பும்போது, வாசல் பக்கம் பூட்டில்லாமல் இருந்த டப்பாவைக் காட்டி, "யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை காணாமப் போச்சு சார்."

"அப்புறம்?"

"வேற டப்பா வெச்சோம்."